யேசுதாஸ் பட்டதாரி அல்ல என்பதற்கான ஆதாரங்கள்

தாலுகா அலுவலக வாசலில் மனு எழுதிப் பிழைப்பவர்களில் யேசுதாஸ் ஒருவர்தான் பட்டதாரி. ஊர் அப்படித்தான் நம்பியது. அவர் தலைக்கு மேலே புங்க மரத்தில் ஆணியடித்துத் தொங்கவிட்டிருந்த தகரப் பலகையும் அதையேதான் சொன்னது: 'யேசுதாஸ், பி.ஏ., சகலவிதமான மனுக்களும் எழுதித் தரப்படும்.' இருபத்து மூன்று வருடமாக வெயிலிலும் மழையிலும் நின்று பலகை சொல்லிவந்த இந்தப் பொய்யை யேசுதாஸ் ஒரு நாளும் தன் வாயால் சொன்னதில்லை. அதைத் தன்னுடைய நேர்மை என்று நினைத்துக்கொண்டிருந்தார்.

நடந்தது என்னவென்றால், பி.ஏ. வரலாறு அவர் இரண்டே கால் வருடம் படித்தார். மிச்சம் முக்கால் வருடம் படிக்கவில்லை. பலகை எழுத வந்த பெயின்டரிடம், "பி.ஏ. வரலாறு, பாதியில் நின்றது" என்று எழுதத்தான் சொன்னார். பெயின்டர் எழுத்துக்கு ஒன்றரை ரூபாய் கேட்டார். சிக்கனம் கருதி முதலில் வரலாற்றை எடுத்தார்கள். அடுத்து, பாதியில் நின்றதை எடுத்தார்கள். எடுக்க முடியாமல் மிஞ்சியது பி.ஏ. கையில் இன்னும் இருபது ரூபாய் இருந்திருந்தால் உண்மையைச் சொல்லியிருப்பேன் என்று அவர் தனக்குத்தானே பலமுறை வாதாடியிருக்கிறார். எதிர்த்தரப்பில் யாருமே இல்லாத அந்த வழக்கில் ஒருமுறைகூட ஜெயித்ததில்லை.

பலகையைப் பார்த்து ரப்பர் ஸ்டாம்ப் செய்தார்கள். ஸ்டாம்பைப் பார்த்து அவர் கல்யாணப் பத்திரிகை அடித்தார்கள். பத்திரிகையைப் பார்த்துவிட்டு, ஓரிக்கைத் திருச்சபையில் ஆண்டறிக்கை வாசிக்கும் பொறுப்பை அவருக்குக் கொடுத்தார்கள். அறிக்கையில் அவர் 'ஆகவே' என்று ஒருமுறை நிறுத்தினால், பின்வரிசையில் தூங்குகிறவர்கள்கூட எழுந்து உட்காருவார்கள். பட்டம் வாங்காமலே அதன் பலன்களையெல்லாம் அனுபவித்த மனிதர் என்று அவரைச் சொல்லலாம். அவர் அதைத் தன் சாமர்த்தியம் என்று எண்ணினார். உண்மையில் அது பெயின்டரின் கூலி விகிதம்.

மகள் எஸ்தர் பிளஸ் டூவில் நல்ல மதிப்பெண் வாங்கி, பொறியியல் கலந்தாய்வுக்குப் போனிலேயே விண்ணப்பம் போட்டுக்கொண்டிருந்த ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் எல்லாம் ஆட்டம் கண்டது.

"அப்பா, ஃபர்ஸ்ட் கிராஜுவேட்டானு கேக்குது. 'நோ' போட்டுட்டேன்."

"போட்டுட்டியா?"

"நீதான் டிகிரி முடிச்சிருக்கியே. என் ஃப்ரெண்டு சிம்ரனுக்கு 'எஸ்'. அவுங்க வீட்ல யாருமே காலேஜ் போகலயாம். வருஷத்துக்கு இருபத்தஞ்சாயிரம் ஃபீஸ்ல கம்மி பண்றாங்களாம்பா."

"கொடுத்து வச்ச பொண்ணு" என்றார் யேசுதாஸ்.

"நான்கூட கொடுத்து வச்சவதான். படிச்ச அப்பா." அவள் கேலி செய்யவில்லை. அதுதான் வலித்தது.

அடுப்படியில் கத்தரிக்காய் நறுக்கிக்கொண்டிருந்த மனைவி பொன்னியம்மாளின் அரிவாள்மணைச் சத்தம் நின்றது. பட்டுக்கடையில் சேலை மடித்து வைக்கிற வேலையில் இருபது வருடம் நின்றவள். எந்த மடிப்புக்குள் எது இருக்கிறது என்று பிரிக்காமலே சொல்வாள். மறுபடி நறுக்க ஆரம்பித்தாள், முன்னைவிடக் கொஞ்சம் வேகமாக.

மறுநாள் காலை எஸ்தர் குளிக்கப் போன நேரம் பார்த்துப் பொன்னியம்மாள் வந்து நின்றாள்.

"இன்னா பண்ணப் போற?"

"எதுக்கு?"

"தெரியாத மாதிரி கேக்காத."

யேசுதாஸ் சட்டைப் பொத்தானைத் திரும்பத் திரும்பப் போட்டார். "உனக்கு எப்பத் தெரியும்?"

"கண்ணாலம் ஆன ஆறாம் மாசம். உன் பொட்டியத் தொடச்சேன். அம்மை ஊசி போட்ட சீட்டு வரைக்கும் பத்திரமா வச்சிருக்கிற. டிகிரி காயிதம் மட்டும் இல்ல."

"ஏன் ஒரு வார்த்தை கேக்கல?"

"நீ சொல்லல, நான் கேக்கல. சபையில நீ அறிக்கை வாசிக்கிறது நல்லா இருந்துச்சு. கேட்டுக்கினு இருந்தேன்." கொண்டையை இறுக்கி முடிந்துகொண்டாள். "வெள்ளிக்கிழமதான் கடைசி தேதியாம். நாலு வருசத்துக்கு ஒரு லட்சம். உன் போர்டு அவ்ளோ பெறாதுய்யா."

இதற்கு மேல் ஒரு பட்டதாரியால்கூடப் பதில் சொல்லியிருக்க முடியாது.

இட்லித் தட்டோடு எஸ்தர் வந்து உட்கார்ந்ததும் யேசுதாஸ் தொண்டையைச் செருமினார். எப்படி ஆரம்பிப்பது என்று தெரியாததால், தெரிந்த மாதிரியே ஆரம்பித்தார்: "எஸ்தரு, உன்னோட மேலான கவனத்துக்கு ஒரு விஷயத்தப் பணிவோட..."

"இன்னாப்பா, மனு குடுக்கறியா?"

சொன்னார். சொல்லி முடிக்க இரண்டு இட்லி நேரம் ஆயிற்று.

"அப்போ போர்டு?"

"அது பெயின்டர் பண்ணது."

"ஸ்டாம்பு?"

"போர்டப் பாத்து செஞ்சது."

"கல்யாணப் பத்திரிகை?"

"ஸ்டாம்பப் பாத்து அடிச்சது."

எஸ்தர் சட்னியை விரலால் தட்டின் ஓரத்துக்கு ஒதுக்கினாள். "ஒண்ணாங்கிளாஸ்லேந்து எல்லா ஃபார்ம்லயும் 'தந்தை படிப்பு பி.ஏ.'ன்னு எழுதிக்கினு வந்திருக்கேன்பா. அது யாரப் பாத்து?"

யேசுதாஸ் இட்லியைப் பார்த்தார். இந்த இடத்தில் முழு உண்மையையும் சொல்லிவிடலாம் என்று ஒரு கணம் தோன்றியதுதான். ஆனால் ஒரே காலையில் எல்லா மரியாதையையும் கொடுத்துவிட்டால் மதியத்துக்கு என்ன மிஞ்சும் என்று யோசித்து, "நானா விடலம்மா. மாணவர் போராட்டம். ஹாஸ்டல் சோறு பிரச்சனை. கொள்கைக்காக வெளிய வந்தோம்" என்று சேர்த்துக்கொண்டார். அடுப்படியில் மறுபடி சத்தம் நின்றது.

"சரி. வெள்ளிக்கிழம வரைக்கும் எடிட் பண்ணலாம்" என்றாள் எஸ்தர். கோபத்தை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று ஒத்திவைத்தவள் மாதிரி இருந்தது. "சர்டிபிகேட் அதுக்குள்ள வரணும். வா, வி.ஏ.ஓ. கிட்ட போலாம்."

கிராம நிர்வாக அலுவலர் சுகாசினி வேலைக்கு வந்து மூன்று வருடம்தான் ஆகிறது. யேசுதாஸைக் கண்டதும் நாற்காலி போடச் சொன்னார். அதுவும் பட்டத்தின் பலன்களில் ஒன்று.

"முதல் பட்டதாரி சர்டிபிகேட்டா? யாருக்கு சார்?"

"என் பொண்ணுக்குத்தான் மேடம்."

சுகாசினி சிரித்தார். அவர்கள் சிரிக்கவில்லை என்று தெரிந்ததும் நிறுத்தினார். "சார், ரூல் தெரிஞ்சவரு நீங்க. வீட்ல ஒருத்தர் டிகிரி முடிச்சிருந்தா வராதே."

"முடிக்கல மேடம்."

சுகாசினி மேஜை இழுப்பறையைத் திறந்து ஒரு கட்டுத் தாள்களை எடுத்துப் போட்டார். பட்டா மாறுதல், முதியோர் உதவித்தொகை, எல்லைத் தகராறு. ஒவ்வொன்றின் அடியிலும் ஊதா மையில் அழுத்தமாக ஒரே முத்திரை: 'எழுதியவர்: யேசுதாஸ், பி.ஏ.'

"இது உங்க ஸ்டாம்ப்தானே? என் டேபிள்ல மட்டும் நாப்பது இருக்கு. தாலுகா ஆபீஸ்ல எவ்ளோ இருக்கும்னு நீங்களே சொல்லுங்க. பி.ஏ. படிச்சவர் பொண்ணுக்கு வி.ஏ.ஓ. சர்டிபிகேட் குடுத்தாங்கன்னு நாளைக்கு ஒரு பெட்டிஷன் வந்தா, மெமோ எனக்கு சார்."

"அந்த மாதிரி பெட்டிஷன் யாரு மேடம் எழுதுவா?"

"நீங்கதான். கேட்டு வந்தா யாருக்கு இல்லன்னு சொல்லியிருக்கீங்க?"

தன் தொழில் தர்மத்தை இவ்வளவு சரியாகப் புரிந்துகொண்ட அதிகாரியை அவர் அதுவரை பார்த்ததில்லை. சுகாசினி இரண்டு விஷயம் கேட்டார். ஒன்று, படிப்பை முடிக்கவில்லை என்று கல்லூரியிலிருந்து கடிதம், கூடவே டி.சி. இன்னொன்று, அக்கம்பக்கத்தில் விசாரணை. அதைத் தானே செய்துகொள்வதாகச் சொன்னார். "புதன்கிழமை பெருமாள் கோயில் கருட சேவை. எங்க எல்லாருக்கும் கூட்டத்துல டூட்டி. நீங்க வியாழக்கிழமை வாங்க."

அன்று மதியம் மரத்தடியில் உட்கார்ந்து யேசுதாஸ் கல்லூரி முதல்வருக்கு மனு எழுதினார். முப்பதாயிரம் மனு எழுதிய கை. கணக்கு அவர் சொன்னது என்பதால் பாதியாகக் குறைத்துக்கொள்வது நல்லது. முழுநீளத் தாளில் மூன்று பக்கம் வந்தது.

செவ்வாய்க்கிழமை காலை கல்லூரி அலுவலகத்தில் கண்காணிப்பாளர் வீரபாகு அதை வாங்கி, கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு வாசித்தார். "அறியாமை இருளகற்றும் அணையா விளக்காய், ஆயிரமாயிரம் இளம் உள்ளங்களை..." என்று ஒரு பத்தி. பிறகு தாளைப் புரட்டினார். இன்னொருமுறை புரட்டினார்.

"சார், உங்களுக்கு இன்னா வேணும்ங்கறது எந்தப் பக்கத்துல இருக்குது?"

"மூணாம் பக்கம் கடைசி பத்தி சார். அது வரைக்கும் முகாந்திரம்."

எஸ்தர் பையிலிருந்து ஒரு வெள்ளைத் தாளை எடுத்து, அங்கேயே கவுன்டர் மேல் வைத்து எழுதினாள். யேசுதாஸ் ஆகிய நான் இங்கே 1994 முதல் பி.ஏ. வரலாறு படித்தேன். முடிக்கவில்லை. அதற்கு ஒரு கடிதமும் என் டி.சி.யும் வேண்டும். வெள்ளிக்கிழமைக்குள் வேண்டும். நான்கு வரி. "கையெழுத்துப் போடுப்பா."

போட்டார். போட்டதும், பழக்க தோஷத்தில் கை பைக்குள் போய் ஸ்டாம்பை எடுத்துவிட்டது. எஸ்தர் அதை அவர் விரல்களிலிருந்து மெதுவாகக் கழற்றித் தன் பையில் போட்டுக்கொண்டாள்.

வீரபாகு உள்ளே போய், தூசி தட்டிக்கொண்டே இரண்டு பழைய பதிவேடுகளோடு வந்தார். விரலை வைத்துக்கொண்டு வாசித்தார்: "யேசுதாஸ், மூன்றாமாண்டு வரலாறு. தொண்ணூத்தேழு ஜனவரி ஆறு. நீண்ட நாள் வராத காரணத்தால் பெயர் நீக்கம்."

"போராட்டம்னு போட்டிருக்கா சார்?" என்று கேட்டாள் எஸ்தர்.

"போராட்டமா? அந்த வருஷம் இங்க ஒண்ணுமே நடக்கலயேம்மா. நான் புதுசா சேந்த வருஷம். ரொம்ப அமைதியா இருந்துச்சு."

எஸ்தர் அப்பாவைத் திரும்பிப் பார்த்தாள். யேசுதாஸுக்கு அந்த அலுவலகத்தின் மின்விசிறி மிகவும் சுவாரசியமாகத் தெரிந்தது.

வேறு வழியில்லாமல் சொன்னார். தொண்ணூற்றாறு உள்ளாட்சித் தேர்தல். பாலாற்றங்கரைப் பஞ்சாயத்து ஒன்றில் பூட்டு சாவிச் சின்னத்தில் ஒருவர் தலைவருக்கு நின்றார். தம்பி, உன் குரல் கணீரென்று இருக்கிறது, ஜெயித்தால் உனக்கு ஒரு வேலை நிச்சயம் என்றார். யேசுதாஸ் ஒரு மாதம் மட்டும் படிப்பை நிறுத்திவைக்கலாம் என்று முடிவெடுத்தார். ஆட்டோவில் மைக் பிடித்து ஊர் ஊராகப் பேசினார். கூட்டம் கை தட்டியது. ஓட்டு மட்டும் வேறு சின்னத்துக்குப் போட்டது. தோற்றவரோடு சேர்ந்து துக்கம் அனுசரித்ததில் இன்னும் ஒரு மாதம் போயிற்று. திரும்பி வந்தபோது வருகைப் பதிவு குறைந்துவிட்டது, உதவித்தொகைப் பட்டியலில் பெயர் நிற்காது என்று யாரோ சொன்னார்கள். உதவித்தொகை இல்லாமல் பரீட்சைக் கட்டணம் கட்ட வழியில்லை. அடுத்த வருடம் சேர்ந்துகொள்ளலாம் என்று நினைத்தார். அந்த அடுத்த வருடம் இருபத்தெட்டு வருடமாக வந்துகொண்டே இருக்கிறது.

வீரபாகு இரண்டாவது பதிவேட்டைப் புரட்டிக்கொண்டிருந்தார். "உங்க ஸ்காலர்ஷிப் வந்திருக்குதே சார்."

"வந்துச்சா?"

"மார்ச்ல வந்திருக்கு. இங்க பாருங்க. 'மாணவர் கல்லூரியில் இல்லை, தொகை துறைக்குத் திருப்பி அனுப்பப்பட்டது.' ரெண்டு மாசம் வச்சிருந்துட்டுத்தான் அனுப்பியிருக்காங்க." விரல் கீழே இறங்கியது. "வருகை குறைஞ்சவங்களுக்கு அந்த வருஷம் விலக்கு குடுத்திருக்காங்க. பதினோரு பேர். எல்லாரும் பரீட்சை எழுதியிருக்காங்க. நீங்க கேக்கலயா?"

"கேக்கணும்னா இன்னா பண்ணியிருக்கணும் சார்?"

"ஒண்ணுமில்ல. ஒரு மனு."

அலுவலகத்தில் யாரோ ஸ்டேப்ளரை இரண்டு முறை அழுத்தினார்கள். யேசுதாஸ் வாயைத் திறந்தார். ஒரு 'ஆகவே' கூட வரவில்லை. கல்லூரியை விட்ட பிள்ளைகளின் தாய்மார்கள் எத்தனை பேர் அவர் மேஜைக்கு முன்னால் வந்து அழுதிருக்கிறார்கள். படிப்பு நின்றால் பணமும் நிற்கும்மா, உடனே மனு கொடுத்திருக்க வேண்டாமா, இது தெரியாதா என்று எத்தனை பேரைக் கடிந்திருக்கிறார். அவர்களில் ஒருத்தியாவது, நீங்கள் கொடுத்தீர்களா என்று திருப்பிக் கேட்டிருக்கலாம்.

கடிதமும் டி.சி.யும் வாங்கிக்கொண்டு வெளியே பஸ்ஸுக்கு நின்றபோது எஸ்தர் கேட்டாள்.

"ஏன்பா எழுதல?"

"அப்போ எனக்கு மனு எழுதத் தெரியாதும்மா."

அவள் கடிதத்தைப் பைக்குள் வைத்துவிட்டு அவரை நிமிர்ந்து பார்த்தாள்.

"தெரியும்" என்றார். "போய்க் கேக்க வெக்கமா இருந்துச்சு."

"எங்கிட்ட சொல்லவும் வெக்கமா இருந்துச்சு. நேத்தும் வெக்கமா இருந்துச்சு. அது வெக்கம் இல்லப்பா. பழக்கம்."

பஸ் வந்துவிட்டது. நல்லவேளை, உட்கார இடம் இல்லை. பக்கத்தில் உட்கார்ந்து பேச வேண்டியிருக்கவில்லை.

மகளை வீட்டுக்கு அனுப்பிவிட்டு யேசுதாஸ் மரத்தடிக்கு வந்தார். விசாரணைக்கு ஆள் வரும்போது பலகை தலைக்கு மேல் தொங்கிக்கொண்டிருப்பது சரியில்லை என்று பட்டது. பக்கத்து ஜெராக்ஸ் கடை ஜாஃபர் மதியத் தொழுகைக்குப் போயிருந்த நேரம் பார்த்து, அவர் கடையிலிருந்த பார்சல் டேப்பைக் கிழித்து 'பி.ஏ.' மேல் ஒட்டினார். இரண்டு பேரும் பதினெட்டு வருடமாகப் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர்கள். யேசுதாஸ் எழுதுவார், ஜாஃபர் நகலெடுப்பார். ஜாஃபரிடம் முதலில் சொல்லிவிடலாம் என்றுதான் நினைத்திருந்தார். ஜாஃபர் திரும்பி வந்து, செருப்பைக் கழற்றக்கூட மறந்து, பலகையையே பார்த்தார்.

"இன்னா தாஸு இது? யாராவது மிரட்டுனாங்களா?"

"இல்ல பாய். பெயின்ட் உரிஞ்சிக்கினு இருந்துச்சு. மழைத்தண்ணி போவக் கூடாதுன்னு..."

"மத்த எழுத்தெல்லாம் நல்லாத்தான இருக்குது."

"அது மட்டும்தான் பாய் உரியுது."

ஜாஃபர் நம்பவில்லை. நண்பர் எதையோ மறைக்கிறார், யாரோ அவர் பட்டத்துக்கு வேட்டு வைக்கிறார்கள் என்று அவராகவே ஒரு முடிவுக்கு வந்துவிட்டார். ஆகவே புதன்கிழமை, கருட சேவைக் கூட்டத்தில் நசுங்கி வேர்த்துப்போய், டூட்டி முடித்துத் திரும்பும் வழியில் சுகாசினி அவர் கடையில் நின்று, "யேசுதாஸ் சார் இன்னா படிச்சிருக்காருங்க?" என்று கேட்டபோது, வேட்டு வைக்கிற ஆள் இவர்தான் என்று ஜாஃபருக்குத் தெரிந்துபோயிற்று.

வியாழக்கிழமை காலை சுகாசினி தன் குறிப்பேட்டைத் திறந்து வாசித்துக் காட்டினார்.

"விசாரிச்சேன் சார். உங்க ஃப்ரெண்டு சொன்னது. பி.ஏ. வரலாறு, முதல் வகுப்பு. யுனிவர்சிட்டியில கோல்டு மெடல். எம்.ஏ.வுக்கு கூப்பிட்டாங்களாம், ஏழைங்களுக்கு மனு எழுதணும்னு நீங்கதான் போகலயாம்."

அறையில் பத்துப் பேராவது இருந்தார்கள். பாதிப் பேர் கையில் இருந்த மனு யேசுதாஸ் எழுதியது. எஸ்தர் போனை எடுத்துக்கொண்டு வெளியே போனாள். "ஜாஃபர் மாமா, கொஞ்சம் வர்றீங்களா? இங்க அப்பாவுக்குக் கஷ்டமா இருக்குது" என்று அவள் சொல்வது கேட்டது.

கால் மணி நேரத்தில் ஸ்கூட்டர் வந்து நின்றது. கடையைப் பூட்டாமலே வந்திருந்தார். உள்ளே நுழையும்போதே ஆரம்பித்துவிட்டார்.

"மேடம், நீங்க நேத்து வந்தவங்க. இந்தத் தாலுகாவுல இவுரு படிப்புக்கு..."

"பாய்" என்றார் யேசுதாஸ். "நான் டிகிரி முடிக்கல."

"நீ சும்மா இரு. மேடம், பொண்ணு ஃபீஸுக்காக மனுஷன் பொய் சொல்றாரு. கஷ்டம் வந்தா எவனும் எதையும் சொல்லுவான். நீங்க எழுதிக்காதீங்க."

வாழ்க்கையில் முதல்முறையாக இந்த விஷயத்தில் உண்மை சொன்னதற்கு அவருக்குக் கிடைத்த மரியாதை இது. யேசுதாஸ் டி.சி.யை நீட்டினார். ஜாஃபர் அதைத் தூரத்தில் வைத்துப் பார்த்தார், பிறகு கிட்டத்தில் வைத்துப் பார்த்தார். பதினெட்டு வருடத்தில் எத்தனை டி.சி. நகலெடுத்திருப்பார். அசல் எது, போலி எது என்று அந்தக் கைக்குத் தெரியும்.

"அப்போ என் மச்சான் வக்பு விஷயத்துக்கு நீ எழுதுனது?"

"அது செல்லும் பாய். மனு எழுத டிகிரி தேவையில்ல."

"தேவையில்லன்னா எதுக்குப் போட்ட?"

இந்தக் கேள்வியை அவரிடம் யாரும் கேட்டதில்லை. அவரும் கேட்டுக்கொண்டதில்லை.

"அது வந்து, பெயின்டர் எழுத்துக்கு ஒன்றரை ரூபா..."

"அப்பா" என்றாள் எஸ்தர்.

யேசுதாஸ் நிறுத்தினார். நெற்றி வேர்வையைத் துடைத்துக்கொண்டார்.

"பெருமைக்குப் போட்டேன் பாய். அவ்ளோதான்."

வரிசையில் நின்ற ஒரு பெரியவர் தலையை ஆட்டினார். "அதான பாத்தேன். என் பட்டா மனு ரெண்டு வருசமா அப்படியே கெடக்குது."

"அது என் டேபிள்லதான் ஐயா கெடக்குது. அதுக்கும் அவர் படிப்புக்கும் சம்பந்தமில்ல" என்றார் சுகாசினி. சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று உறைத்தது போல, சட்டென்று ஒரு தாளை யேசுதாஸ் பக்கம் தள்ளினார். "வாக்குமூலம் எழுதிக் குடுங்க சார். பாய் சாட்சிக் கையெழுத்துப் போடட்டும்."

யேசுதாஸ் எழுதினார். நான் பட்டதாரி அல்ல. எங்கள் குடும்பத்தில் யாரும் பட்டதாரி அல்ல.

சுகாசினி தாளைத் திருப்பிப் பின்பக்கமும் பார்த்தார். "அவ்ளோதானா?"

"அவ்ளோதான் மேடம்."

ஜாஃபர் கையெழுத்துப் போட்டார். போட்டுவிட்டு யேசுதாஸைப் பார்க்காமலே வெளியே போய் ஸ்கூட்டரை உதைத்தார். அது ஐந்தாவது உதைக்குத்தான் கிளம்பியது. அதுவரை இரண்டு பேருக்குமே சங்கடமாக இருந்தது.

சுகாசினி எஸ்தரைப் பக்கத்தில் கூப்பிட்டார். "நான் இன்னைக்கே மேல அனுப்பிடறேன். ஒண்ணு மட்டும் கேட்டுக்க. இது படிக்கிற வரைக்கும்தான். நடுவுல நிறுத்திட்டா சலுகையும் நின்னுடும். உடம்பு சரியில்ல, வீட்ல கஷ்டம், ஒரு வருஷம் பிரேக் எடுக்கறேன்னு போனாலும், திரும்பி வரும்போது தானா வராது. போறதுக்கு முன்னாடியே காலேஜ்ல போய்க் கேக்கணும், எழுதிக் குடுக்கணும், மனு நம்பர் வாங்கிக்கணும்."

"யாரு மேடம் எழுதிக் குடுக்கணும்?"

"நீதான்மா."

யேசுதாஸ் வாயைத் திறந்தார். மகள் திரும்பிப் பார்த்ததும் மூடிக்கொண்டார்.

வெள்ளிக்கிழமை முழுக்க எஸ்தர் போனைக் கையிலேயே வைத்திருந்தாள். வருவாய் ஆய்வாளர் பார்த்துவிட்டார் என்று பதினொரு மணிக்கு ஒரு செய்தி வந்தது. அப்புறம் நான்கு மணி ஆகியும் ஒன்றுமில்லை. ஐந்தரைக்கு விண்ணப்பம் மூடிவிடும். யேசுதாஸ் மேஜையில் இரண்டு பேருக்கு மனு எழுதினார். இரண்டுமே அரைப் பக்கத்தில் முடிந்துவிட்டதால், கொடுத்த காசு வீணாகிவிட்டதோ என்று அவர்கள் சந்தேகத்தோடு போனார்கள். பொன்னியம்மாள் பட்டுக்கடையிலிருந்து மூன்று முறை போன் செய்து, மூன்று முறையும் "வந்துச்சா?" என்று மட்டும் கேட்டுவிட்டு வைத்தாள்.

நாலே முக்காலுக்கு வந்தது.

எஸ்தர் ஜாஃபர் கடைக் கணினியில் உட்கார்ந்து சான்றிதழை இறக்கினாள். ஜாஃபர் வியாழக்கிழமையிலிருந்து யேசுதாஸிடம் பேசவில்லை. கணினியை மட்டும் அவள் பக்கம் திருப்பிவிட்டார். அச்சு இயந்திரம் முனகிக்கொண்டே தாளைத் துப்பியது. யேசுதாஸ் அதை எடுத்து வாசித்தார். கோபுர முத்திரை, வரிசை எண், மின்னணுக் கையெழுத்து. விசாரணையின் பேரில் விண்ணப்பதாரரின் தந்தை யேசுதாஸ் பட்டதாரி அல்ல என்று இதன் மூலம் சான்றளிக்கப்படுகிறது. தன் கல்வியைப் பற்றி அரசாங்கம் வாயைத் திறந்து சொன்ன முதல் வார்த்தை. மறுபடியும் வாசித்தார். சபையில் வாசிக்கிற குரல் தானாக வந்துவிட்டது.

"மனசுக்குள்ள படிப்பா. டென்ஷன் பண்ணாத" என்றாள் எஸ்தர். "ஃபைல் பெருசா இருக்குது, எடுத்துக்க மாட்டேங்குது."

சுருக்கினாள். ஏற்றினாள். திரையில் ஒரு வட்டம் சுற்றியது. மூன்று பேரும் அதையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். ஜாஃபர்கூட, பேசாமல் இருப்பதை மறந்து, "மூவ் ஆவுதா?" என்று கேட்டுவிட்டார். ஐந்து மணி பத்து நிமிடத்துக்குப் பச்சை எழுத்தில் ஏற்றுக்கொள்ளப்பட்டது என்று வந்தது. எஸ்தர் நாற்காலியில் சாய்ந்து, இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டாள். பிறகு எழுந்து, அம்மாவுக்குப் போன் செய்ய வெளியே போனாள்.

யேசுதாஸ் தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, வழக்கம்போலத் தன் மேஜைக்குத் திரும்பப் பார்த்தார்.

"பிரின்ட் எடுத்தது பத்து ரூபா" என்றார் ஜாஃபர்.

"பாய்?"

"இத்தினி வருஷம் வாங்கல. படிச்சவருன்னு."

யேசுதாஸ் பத்து ரூபாயை எடுத்து வைத்தார். ஜாஃபர் அதைப் பெட்டியில் போட்டுக்கொண்டு, வரிசையில் நின்ற அடுத்த ஆளிடம், "உங்களுக்கு எத்தினி காப்பி?" என்று கேட்டார்.